சூடு என்றுதான் சொன்னேன்

செப்டம்பர் 23, திங்கள்

மத்தியானத்துக்கே ஐஸ் கட்டி தீர்ந்துவிட்டது. அருப்புக்கோட்டை வெயிலுக்கு நான் ஒரு நேர்த்திக்கடனும் செய்ததில்லை, ஆனாலும் அது மட்டும் என்னைக் கைவிட்டதே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்துக் கடைக்காரர் பேக்கரி மணி, இன்றைக்கு என் சர்பத் வண்டியில் மாட்டிய புது போர்டைப் பார்த்துச் சிரித்தார். ‘தவசி நன்னாரி சர்பத் – உடல் சூட்டுக்கு ஒரே மருந்து.’ எழுதின பெயிண்டரே ‘ஒரே’ என்ற இடத்தில் பிரஷ்ஷை நிறுத்தி, "நெசமாவாண்ணே?" என்று கேட்டவன்தான். எழுதுடா என்றேன். எழுதிவிட்டால் பாதி நிஜம்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் மணிக்கட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சொல்வேன். "இது வெக்கைண்ணே, நிழல்ல நின்னாப் போயிரும். ஒரு கிளாஸ் போதும்." "இது காங்கை, தூக்கம் பத்தல." "இது சூடு. ரெண்டு கிளாஸ்." ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு இது ஒரு டாக்டர் பட்டம் மாதிரி. சில பேர் தாகமே இல்லாமல் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை: காய்ச்சல். காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் அவர் டாக்டரிடம் போய்விடுவாரே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கௌசிகா படுத்துக் கிடந்தாள். பத்தாம் வகுப்பு, காலாண்டுப் பரீட்சை நடக்கிறது. இன்றைக்குக் கணக்கு. "தலை வலிக்குதுப்பா, மேலெல்லாம் கொதிக்குது" என்றாள். புறங்கையை வைத்துப் பார்த்தேன். "பரீட்சைச் சூடு" என்றேன். "கணக்குப் பேப்பரைப் பாத்தா எனக்கே கொதிக்கும்."

சிரித்தாள். சிரிக்கிற புள்ளைக்கு என்ன காய்ச்சல்?

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் வெந்தயம், பத்து மணிக்கு இளநீர், பிற்பகலில் நன்னாரி. உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன். உள்ளங்காலிலும் தேய்த்தேன். நாளைக்கு அறிவியல். படுத்துக்கொண்டே படிக்கிறாள்.

பேச்சி இரண்டு தடவை சொன்னாள். "ஏங்க, காயுதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவோம்."

"காய்ச்சல்னா நடுக்கம் இருக்கும், வாய் கசக்கும். இது சூடு."

"வாய் கசக்குதுன்னுதான் சொல்றா."

"வெந்தயம் குடிச்சா கசக்காம இனிக்குமா?"

நான் பேச்சில் யாரிடமும் தோற்றதில்லை. அவள் உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இந்த ஊசிக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எல்லாமே காய்ச்சல்தான். வெக்கை தெரியாது, காங்கை தெரியாது. கண்ணாடிக் குழாயை அக்குளில் வைத்து நம்பரைப் படிப்பார்கள். நம்பர் படிக்க ஐந்து வருடம் படிப்பு. என் புறங்கைக்கு இருபது வருட அனுபவம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டும். பேக்கரி மணி பார்ப்பார். ஆட்டோக்காரர்கள் பார்ப்பார்கள். ‘ஒரே மருந்து’ மகளை ஊசிக்குக் கூட்டிப்போகிறான் என்று ஒரு வருடத்துக்கு ஓட்டுவார்கள்.

செப்டம்பர் 25, புதன்

அறிவியல் எழுதப் போனாள். சைக்கிள் வேண்டாமென்று டி.வி.எஸ்.சில் நானே கொண்டுபோய் விட்டேன். முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள். சட்டை வழியாகவே சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம். கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, வலிப்பதற்கு? படித்த கண், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

பேச்சி இன்றைக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வந்து வைத்துப் பார்த்தாள். நூற்று மூன்று. "அந்தக் குச்சி பழசு" என்றேன். பாராசிட்டமால் கொடுத்தாள். கொடுத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். நாளைக்கு விடிந்ததும் ஆஸ்பத்திரி, நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

செப்டம்பர் 27, வெள்ளி, காலை

ஜெயித்துவிட்டேன்!

விடிந்ததும் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. பேச்சியை எழுப்பித் தொடச் சொன்னேன். தொட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். "குச்சியை வை, குச்சியை வை" என்றேன். தொண்ணூற்றேழு. இப்போது குச்சி பழசில்லை, புத்தம் புதுசு.

சமூக அறிவியல் பரீட்சைக்கு மட்டும் போக முடியாது என்கிறாள், அசதி. நான்கு நாள் சூடு இறங்கினால் அசதி இருக்காதா? தூங்கட்டும். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான்தான்.

கடைக்கு வந்ததும் மணியிடம் சொன்னேன். "பாப்பாவுக்கு நாலு நாளாச் சூடு, மாத்திரையே இல்லாம இறக்கிட்டேன்." (மாத்திரை கொடுத்தது பேச்சி. அது என் கணக்கில் வராது.) மணி இரண்டு பேருக்குச் சொன்னார். அதில் ஒருவர் வந்து கையை நீட்டினார்.

அதே நாள், ஆஸ்பத்திரியில்

எழுதுவதற்கு வேறு இடம் இல்லை. படுக்கைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். கடைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்ததில் இந்த டைரியும் வந்துவிட்டது. சிரப் கம்பெனி வருடா வருடம் கொடுக்கிற டைரி. அட்டையில் சர்பத் படம் போட்டிருக்கிறது. அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் பேச்சி போன் செய்தாள். "வாந்தி எடுக்கிறா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடக்கா. நீங்க வர்றீங்களா, நான் ஆட்டோ பிடிக்கவா?"

போய்ப் பார்த்தேன். கையைத் தொட்டேன். குளிர்ச்சிதான். "நல்லாத்தான குளிர்ந்திருக்கு" என்று வாய் தானாகச் சொன்னது. அப்போதுதான் பேச்சி என் கையைப் பிடித்து, மகளுடைய பாதத்தில் வைத்து அழுத்தினாள்.

"இதுக்குப் பேரு குளிர்ச்சியா? சில்லிட்டுப் போயிருக்குங்க. ஊரு கையெல்லாம் தொடுறீங்களே, இது தெரியலையா?"

பாதம் ஈரமாக, பிசுபிசுவென்று, ஐஸ் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்த கட்டி மாதிரி இருந்தது. இருபது வருட அனுபவம் தொட்ட பாதம் அது. வெக்கை, காங்கை, சூடு என்று மேலே ஏறுகிற படியெல்லாம் எனக்கு மனப்பாடம். கீழே இறங்குகிற படி ஒன்றுகூடத் தெரியவில்லை. குளிர்ந்தால் நல்லது, அவ்வளவுதான் தெரியும். குளிர்ச்சியை விற்கிறவனுக்கு அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் ஆட்டோ வந்தது. மணி பார்த்தார். அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நான்கு நாளாக அதற்குத்தான் பயந்தேன்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பேச்சி சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். டாக்டரம்மா சின்ன வயசு. நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "காய்ச்சல் எத்தனை நாளா?"

நான் சொன்னேன்: "நேத்துல இருந்து மேடம்."

ஏன் சொன்னேன் என்று கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தேன். காய்ச்சல் என்று நேற்றுதானே குச்சி சொன்னது. அதற்கு முன்னால் சூடுதானே. அப்படிப் பார்த்தால் பொய் இல்லை. இந்தப் பதிலைத் தயார் செய்ய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நான்கு நாளாக மருத்துவம் பார்த்தவன் மூளை அந்த ஒரு நொடியில்தான் ஒழுங்காக வேலை செய்தது.

ரத்தம் எடுத்தார்கள். டிரிப் போட்டார்கள். பேச்சி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். மூன்றரை மணிக்கு டாக்டரம்மா ஒரு தாளோடு திரும்பி வந்தார். நெற்றி சுருங்கியிருந்தது.

"ரெண்டாவது நாள்னு சொல்றீங்க. ரத்தத்துல தட்டணு இவ்வளவு இறங்கியிருக்கு. காய்ச்சலும் இல்ல. ஒண்ணோட ஒண்ணு பொருந்த மாட்டேங்குதே. வெளில ஏதும் சாப்பிட்டாளா?" என்னைக் கேட்டுவிட்டு, குனிந்து கௌசிகாவைக் கேட்டார். "ஏம்மா, என்னைக்கு ஆரம்பிச்சுச்சு? நாள் கணக்கு ரொம்ப முக்கியம். யோசிச்சுச் சொல்லு."

கௌசிகா கண்ணைத் திறந்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நேத்துல இருந்துதான்" என்றாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். நான் சுவரோரம் நின்றேன். என் மகள் பொய் சொல்லி இதற்கு முன் நான் கேட்டதில்லை. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். அவளுக்கு எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. அந்த நேரத்தில் இருந்த கொஞ்சம் தெம்பையும் எடுத்து என்னைக் காப்பாற்றச் செலவு பண்ணிவிட்டாள்.

அப்போதும் உண்மையைச் சொல்ல நான் உடனே ஓடிவிடவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். தண்ணீர்க் குழாய்வரை போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தேன். மறுபடி குழாய்க்குப் போனேன். மூன்றாவது தடவை டாக்டரம்மா மேசைக்கு முன்னால் போய் நின்றேன். வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை, தவசிலிங்கத்துக்கு வார்த்தை வரவில்லை! இந்த டைரியை எடுத்து நீட்டினேன்.

"என்ன இது?"

"இருபத்துமூணாந் தேதில இருந்து படிங்க மேடம்."

படித்தார். பக்கத்தில் நின்ற சிஸ்டரும் எட்டிப் பார்த்துப் படித்தார். ஊசிக்காரர்கள் என்ற இடமும் அதில்தான் இருக்கிறது. கண்ணாடிக் குழாயும் நம்பரும் அதில்தான் இருக்கிறது. அதைப் படிக்கும்போது டாக்டரம்மா முகம் மாறவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிவப்புப் பேனாவை எடுத்து 23 என்ற தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, விரல் விட்டு எண்ணினார்.

"இன்னைக்கு அஞ்சாவது நாள். சிஸ்டர், டெங்குவா வச்சே பாருங்க, பிரஷர் ஒரு மணிக்கொரு தரம்." எழுந்து போகிறபோக்கில் என்னிடம் சொன்னார். "இந்தக் காய்ச்சல்ல சுடுற நாளைவிட, சூடு இறங்குற நாள்தான் ஆபத்து. ரத்தக் குழாய்ல இருந்து தண்ணி கசியும். அதனாலதான் கை கால் சில்லிடுது. இப்பவாவது சொன்னீங்களே."

‘இப்பவாவது.’

செப்டம்பர் 28, சனி

தட்டணு இன்னும் இறங்கியிருக்கிறது. இன்றும் நாளையும் தாண்ட வேண்டும் என்றார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பேச்சிக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் நல்ல மனசோடுதான் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் டைரி மட்டும் குடுக்கலைன்னா நாங்க ரெண்டாம் நாளுன்னே நெனச்சிருப்போம்மா."

பேச்சி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ரெண்டாம் நாளுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"அஞ்சு நாள்னு சொன்னா... அஞ்சு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்கல்ல."

"உங்க கௌரவத்துக்கு ஒரு குச்சி வச்சுப் பாக்கணும்ங்க. எத்தனை டிகிரி காட்டுதுன்னு தெரிஞ்சுக்கிறேன்."

முந்தியென்றால் இதற்கு நூறு பதில் வைத்திருப்பேன். "அந்தக் குச்சி உடைஞ்சிரும்" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

கௌசிகாவின் வயிறு உப்பியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது. ஒரு மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து பிரஷர் பார்க்கிறார். கையில் சுற்றுகிற அந்தப் பட்டையில் காற்று இறங்குகிற சத்தம் கேட்கிறவரை நான் மூச்சு விடுவதில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

சிறுநீர் நன்றாகப் போகிறதாம். இந்த ஒரு செய்திக்கு நான் வராந்தாவில் முகம் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தேன். அவரும் ஏதோ நல்ல செய்தி என்று தட்டிக்கொடுத்தார்.

தட்டணு ஏற ஆரம்பித்துவிட்டது.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது, "முதல் நாலு நாள் நிறையத் தண்ணி, இளநீர் குடிச்சிருக்கா. அது கொஞ்சம் உதவியிருக்கும்" என்றார். என் நெஞ்சு ஒரு இஞ்ச் நிமிர்ந்தது. நிஜமாகவே நிமிர்ந்தது. உடனே பேச்சி திரும்பிப் பார்த்தாள். அந்த இஞ்ச்சை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். செத்துப் பிழைத்த புள்ளை பக்கத்தில் நின்றுகொண்டு நன்னாரிக்கு நற்சான்றிதழ் எதிர்பார்க்கிற பிறவி நான்.

அக்டோபர் 1, செவ்வாய்

நகராட்சியிலிருந்து புகை அடிக்க வந்தார்களாம். டெங்கு கேஸ் வந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். அவர்களில் செல்வராணி என்கிற பணியாளர் கடைக்கும் வந்தார். நான் கூடவே போனேன். வண்டிக்குப் பின்னால் இருக்கிற நீல டிரம்மில் டார்ச் அடித்துக் காட்டினார். கொசுப் புழு நெளிந்தது. அது கிளாஸ் கழுவுகிற தண்ணீர், குடிக்கிற தண்ணீர் இல்லை என்று மணியிடம் விளக்கினேன். "யாரு இப்ப கேட்டா?" என்றார் மணி.

செல்வராணி டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, "மூடி போட்டு வைங்கண்ணே" என்றார். அவ்வளவுதான். எல்லாரும் என்னிடம் மெதுவாகவே பேசுகிறார்கள்.

அக்டோபர் 2, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கௌசிகாவுக்கு உடம்பெல்லாம் சிவந்து அரிக்கிறது. தேறுகிறதுக்கு அடையாளமாம். உள்ளங்கையைத் தலையணையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அக்டோபர் 4, வெள்ளி

பேச்சி மளிகைக் கடைக்குப் போயிருந்த நேரம். கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"டாக்டர் கேட்டப்ப நேத்துல இருந்துன்னு ஏன்டா சொன்ன?"

"நீதான அப்படிச் சொன்ன."

"நான் சொன்னா? அப்பா தப்பாச் சொல்றார்னு உனக்குத் தெரியும்ல."

கரண்டியை வாங்கித் தானே குடித்தாள். "நீ முழிச்ச முழியைப் பாத்திருக்கணும்ப்பா. பாவமா இருந்துச்சு."

மிச்சக் கஞ்சி ஆறிவிட்டது. இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். எழுதாத சமூக அறிவியலுக்கு லீவு லெட்டர் வேண்டும். கௌசிகா தாளும் பேனாவும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். டாக்டர் சீட்டு போதாதா என்றேன். பெற்றோர் கைப்பட எழுத வேண்டுமாம், வகுப்பாசிரியை பரிமளா மிஸ் அதில் ரொம்பக் கறார்.

‘என் மகள் கௌசிகா செப்டம்பர் 23ஆம் தேதி முதல்’ என்று ஆரம்பித்தேன்.

"ப்பா, 27ன்னு போடு."

"ஏன்?"

"23ன்னு போட்டா, காய்ச்சலோட எதுக்கு அறிவியல் எழுத அனுப்புனாங்கன்னு மிஸ் கேப்பாங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்த புள்ளைங்க வீட்லயும் கேப்பாங்க."

மறுபடியும் எனக்குக் குடை பிடிக்கிறாள். பதினைந்து வயசு. இன்னும் நடந்தால் மூச்சு வாங்குகிறது.

23 என்பதை மாற்றவில்லை. ‘காய்ச்சல்’ என்று எழுதினேன். அதற்குமேல் நானாகச் சேர்த்தேன்: ‘அதை நான் சூடு என்று நினைத்துக்கொண்டு, அவள் அம்மா சொல்லியும் கேளாமல், 25ஆம் தேதி பரீட்சைக்கு அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது. மாணவியைக் கேட்க வேண்டாம்.’

வாங்கிப் படித்தாள். "ஐயோ, லீவு லெட்டர்ல இதெல்லாம் எழுத மாட்டாங்கப்பா. மிஸ் ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டிருவாங்க."

"காட்டட்டும்" என்றேன். வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, லெட்டரை இவளிடமே கொடுத்து, பள்ளிக்கூட கேட்டிலேயே இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுதான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

உள்ளே போய் லெட்டரை நானே கொடுத்தேன். பரிமளா மிஸ் நின்றுகொண்டே கடைசி வரைக்கும் படித்தார். நானும் நின்றேன்.